கோழிச் செட்டையும் சாலைக் கடைத்தெருவும்



நம் வீடுகளில் கோழிக் கறி சமைத்தால் அதைப் பங்கிடும் முறை ஒன்று உண்டு. எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. ஆயினும் அதை மீறியவர் அரியர். கால்கள் இரண்டனுள் ஒன்று வீட்டுத் தலைவருக்கு. மற்றொன்று மூத்த மகனுக்கோ, விருந்தாக வந்திருக்கும் மருமகப் பிள்ளைக்கோ உரியது. மார்புச் சதை ஏனைய ஆண்மக்களுக்கு. ஈரல் கடைக்குட்டிக்கு. கழுத்தும் முதுகெலும்பும் இறக்கையும் எல்லாரும் உண்டு எழுந்தபின் சட்டியை வழித்து உண்ணும் பெண்மக்களுக்கு. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் இறக்கையைச் செட்டை என்பர். 'எனக்குச் செட்டை போதும்' என்று சொல்லாத அத்தைமாரும் ஆச்சிமாரும் அப்பகுதிகளில் இலர் எனலாம். அது அவர்களுக்கு உண்மையிலேயே பிடித்த துண்டா, அன்றி எஞ்சியதையே பிடித்ததாக ஆக்கிக் கொண்டார்களா என்று எவரும் கேட்டதில்லை.

அந்தச் செட்டையை மட்டுமே கொண்டு, காரம் மிகுந்த வறுவல் ஒன்றை வீட்டிலேயே செய்யும் வகையை இன்று கூற விழைகின்றோம். வறுவலின் முறை நாம் வாழும் திருவனந்தபுரத்திற்குரியது. இம்முறையை அறிய வேண்டுமானால் முதலில் இவ்வூரின் சாலைக் கடைத்தெருவிற்குள் ஒருமுறை நடந்து வருதல் நன்று.

கிழக்கேக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் இக்கடைத்தெரு, திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அவர்களின் முயற்சியால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. நாஞ்சில் நாட்டுக் காய்கறியும் தோவாளைப் பூவும் நெடுங்காலமாக இங்கு வந்திறங்குகின்றன. அவற்றோடு தமிழும் வந்திறங்கியது. கன்னியாகுமரி மாவட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, அதுவரை தமக்குத் தலைநகராக இருந்த ஊர் அம்மாவட்டத்தாருக்கு ஒரே இரவில் வெளிமாநிலமாகி விட்டது. இங்கு முன்பே கடை வைத்திருந்த தமிழர்களுக்கோ, தாம் இருந்த இடத்தை விட்டு ஓரடி எடுத்து வைக்காமலே வெளிமாநிலத் தமிழர் என்னும் பெயர் வந்து சேர்ந்தது.

சாலைக் கடைத்தெருவில் மளிகை வாங்கப் போகும் புதிய தமிழருக்கு ஒரு சொல் தடுமாற்றம் காத்திருக்கிறது. ‘மிளகு’ என்று கேட்டால் கடைக்காரர் மிளகாயை எடுத்து நீட்டக்கூடும். மலையாளத்தில் ‘முளகு’ என்பது மிளகாய். நாம் கருதும் மிளகு வேண்டுமாயின் ‘குருமுளகு’ என்றோ ‘நல்லமுளகு’ என்றோ கேட்டல் வேண்டும். இவ்வாறே ‘பெருஞ்சீரகம்’ என்றால்தான் சோம்பு கிடைக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியரின் கப்பலேறி 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த மிளகாய், காலங்காலமாக இம்மண்ணில் விளைந்த மிளகின் பெயரையே கவர்ந்து கொண்டதைக் காணும்போது, குடியேறி வந்தவரின் திறமையை வியக்கத்தான் வேண்டியிருக்கிறது!

இக்கடைத்தெருவின் சந்து ஒன்றில்தான் ரஹ்மானியா என்னும் உணவுக்கடை தோன்றியது. அதன் பலகைப் பெயரைக் காட்டிலும், கெத்தேல் சாகிப் கடை என்னும் மக்கள் இட்ட பெயரே நிலைத்தது. அங்குக் கிடைத்த பொரித்த கோழியின் புகழ் திருவனந்தபுரத்தைத் தாண்டிப் பரவியது. இளங்கோழியை, இடித்த வற்றல் மிளகாயும் பிற கூட்டுப் பொருள்களும் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் பொரிப்பது அதன் முறை. தமிழ் வாசகர்கள் அக்கடையை நேரில் காணாவிடினும் அறிவர். எழுத்தாளர் ஜெயமோகன் 2011ஆம் ஆண்டில் எழுதிய ‘அறம்’ வரிசைக் கதைகளுள் ‘சோற்றுக்கணக்கு’ என்பது கெத்தேல் சாகிபைப் பற்றியதே.

குமரி மாவட்டத்து ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் படிப்பதற்காகத் திருவனந்தபுரம் வருகிறான். உறவினர் வீட்டில் அவனுக்குக் கிடைக்கும் சோறு எண்ணி அளந்து இடப்படுகிறது. பின்னர்க் கெத்தேல் சாகிபின் கடையை அறிகிறான். அங்கே உண்டதற்கு இன்ன விலை என்று எவரும் கேட்பதில்லை. ஓர் உண்டியல் இருக்கிறது, இயன்றதை இடலாம், இடாமலும் போகலாம். பணம் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் ஒரே பரிமாறல்; இலையில் பெரிய துண்டு விழுவதில் வேறுபாடு கிடையாது. வேலை கிடைத்தபின் அப்பிள்ளை கடனைத் தீர்க்க முனைந்து உண்டியலில் பணத்தைக் கொண்டுபோய்ப் போடுகிறான். சாகிப் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கதையை இதற்கு மேல் கூறுதல் முறையன்று. படியாதவர்கள் படித்துக் கொள்க.

அந்தக் கடையின் முறையை அப்படியே நாம் வீட்டிற்குக் கொண்டுவந்து விட்டோம் என்று உரிமை கொண்டாடுவதற்கில்லை. கடைக்குள்ளே காக்கப்படும் கைப்பக்குவம் கடைக்கே உரியது. ஆயினும் இடித்த வற்றல், தேங்காய் எண்ணெய், பொரித்த கோழியின் மேல் தூவும் மொறுமொறுப்பான பொடி ஆகிய மூன்றும் இவ்வூர் வீடுகளிலும் வழங்குவனவே. இவற்றைச் செட்டைக்கு இயைத்துக் கொள்வது எளிது.

முழுக் கோழியை விட்டுச் செட்டையை மட்டும் தேர்ந்தது ஏன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. செட்டையில் சதை குறைவு, தோல் மிகுதி, எலும்பை ஒட்டிய பசைத் தசைநார் மிகுதி. மார்புச் சதை சிறிது கூடுதலாக வெந்தாலும் நாராகி வறண்டு போகும். செட்டையோ கூடுதலாக வேகவேகத்தான் இளகும். அதன் தசைநார் கரைந்து சதையை ஈரமாக வைத்திருக்கும். தோல் தன் கொழுப்பை விட்டு மொறுமொறுப்பாகும். பழக்கமில்லாத கையும் கெடுத்துவிட இயலாத துண்டு இது. மேலும் சதையின் அளவை நோக்க மேற்பரப்பு அதிகமாதலின், கூட்டுப் பொருளின் சுவை ஒவ்வொரு கடியிலும் கிட்டும்.

இவ்வுண்மையைக் கண்டுகொண்டவர் நாம் மட்டும் அல்லர். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில், ஆங்கர் பார் என்னும் உணவுக்கடையை நடத்திவந்த தெரேசா பெலிசிமோ என்னும் அம்மையார், 1964இல் கோழி இறக்கைகளைப் பொரித்துக் காரக் குழம்பில் புரட்டிக் கொடுத்தார் என்பர். அதுவரை அந்நாட்டிலும் இறக்கை பெரும்பாலும் சாறு காய்ச்சும் பானைக்கே போய்க்கொண்டிருந்தது. 1977இல் அந்நகரத்தார் ஜூலை 29ஆம் நாளை இறக்கைக்கெனவே ஒரு நாளாக அறிவித்தனர். அங்கே வெண்ணெயும் புளித்த மிளகாய்ச் சாறும். இங்கே தேங்காய் எண்ணெயும் இடித்த வற்றலும். எது சிறந்தது என்னும் வழக்கில் நமது தீர்ப்பு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எல்லாவற்றினும் மேலான காரணம் மற்றொன்று. ஒரு கோழிக்குக் கால் இரண்டே. ஐவர் உண்ணும் வீட்டில் அந்த இரண்டும் யாருக்கு என்னும் கேள்வி எழாமல் இராது. செட்டை மட்டுமே கொண்ட தட்டில் அக்கேள்விக்கு இடமில்லை. ஒரு கிலோ செட்டையில் ஏறக்குறைய 10 முதல் 12 வரை இருக்கும். ஒவ்வொன்றையும் மூட்டில் வெட்டினால் 20க்குக் குறையாத துண்டுகள். எல்லாம் ஏறத்தாழ ஓரளவினவே. மாமனாருக்கு எது, மருமகளுக்கு எது என்று தேட வேண்டா. பெங்களூரிலோ மும்பையிலோ ஒரே அறையில் நால்வராகத் தங்கிச் செலவைப் பங்கிட்டுக் கொள்ளும் இளைஞர்களுக்கும் இது நல்ல ஏற்பாடு.

இனிச் செய்முறை.

கோழிக்கடையில் செட்டை தனியாகக் கிடைக்கும். பெருநகரங்களில் பொட்டலமாகவும் விற்கின்றனர். கடைக்காரரிடம் ‘தோலை உரிக்க வேண்டா’ என்று முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும். நம் நாட்டுக் கடைகளில் கோழியைச் சட்டையைக் கழற்றுவது போல் தோலோடு இறகையும் உரித்தெறிவதே வழக்கம். தோல் போனால் இவ்வறுவலின் உயிரும் போயிற்று. தோலில் மயிரிழை போல் ஒட்டியிருக்கும் இறகுகளை அடுப்புத் தணலில் வாட்டி அகற்றலாம். பண்ணைக் கோழிக்கு இவ்வளவே போதும். இங்குத் திருவனந்தபுரத்தில் விற்கும் பண்ணைக் கோழிகளில் பெரும்பகுதி பல்லடம் முதலிய தமிழகப் பகுதிகளிலிருந்து வண்டியேறி வருவனவே. ஆகவே நம்மைப் போன்றே எல்லை தாண்டி வந்தவை! நாட்டுக் கோழியின் செட்டையாயின், மஞ்சளும் உப்பும் சிறிது நீரும் சேர்த்து அரைவேக்காடாக வேகவைத்து, ஈரம் வற்றியபின்னரே பொரித்தல் வேண்டும்.

ஒவ்வொரு செட்டையிலும் மூட்டு இரண்டு. கத்தியை எலும்பின்மேல் அழுத்தாமல், மூட்டை மடக்கிப் பார்த்து இடைவெளியில் இறக்கினால் எளிதில் பிரியும். தோள்துண்டும் நடுத்துண்டும் வறுவலுக்கு. கூரிய நுனியை எறிந்துவிட வேண்டா. அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம். பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் நீர் தெறித்து நோய்க்கிருமிகள் அடுக்களை எங்கும் பரவும். கழுவித்தான் தீருவோம் என்பவர்கள் ஒரு பாத்திரத்து நீரில் மெல்ல அலசி, அந்நீரைக் கவனமாகக் கொட்டி, கையையும் கத்தியையும் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பின்னர்த் துணியால் ஒற்றி ஈரத்தை முற்றும் நீக்குதல் இன்றியமையாதது. ஈரத் தோல் ஒருபோதும் மொறுமொறுக்காது.

ஒரு கிலோ செட்டைக்குப் பொடியுப்பு இரண்டு தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, பூண்டு 12 பல், அதற்கொத்த இஞ்சி, பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, வற்றல் மிளகாய் 18 முதல் 20 வரை, அரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சம் பழம் ஒன்று, கறிவேப்பிலை நான்கு ஈர்க்கு. இவற்றுள் உப்பையும் மஞ்சளையும் முதலில் பிசறி, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரமேனும் வைக்க வேண்டும். ஓரிரவு இருந்தால் மிக நன்று. எலுமிச்சைச் சாற்றை மட்டும் பொரிப்பதற்கு அரை மணி முன்னர்ச் சேர்க்கலாம். நெடுநேரம் புளிப்பில் கிடந்தால் சதை மாவு போலாகிவிடும்.

வற்றல் மிளகாயைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேச வேண்டும். இவ்வறுவலின் இயல்பை அதுவே வகுக்கிறது. பொட்டலத்து மிளகாய்த் தூளைக் கொண்டு இதைச் செய்யலாகாது. நுண்ணிய தூள் காய்ந்த எண்ணெயில் விழுந்த மறுகணம் கருகிக் கசக்கும். வற்றலை வெறுஞ்சட்டியில் சூடு காட்டி, உரலில் இட்டுக் கரகரப்பாக இடிக்க வேண்டும். இல்லையேல் மின் அரைப்பானை இரண்டொரு சுற்று மட்டும் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். விதையும் தோலும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அத்தோல் துணுக்குகள் கருகுவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்வதால், கோழி வேகும் வரை தாக்குப் பிடிக்கும்.

எம்மிளகாய் என்பது நேயர்கள் வாழும் ஊரைப் பொறுத்தது. ஹைதராபாத்தில் இருப்போர் குண்டூர் மிளகாயை 20 என்று எண்ணிப் போட்டால் உண்பவர் கண்ணீர் வடிப்பர். எட்டோ பத்தோ போதும். நிறத்திற்குக் காஷ்மீரி மிளகாய் சேர்க்கலாம். பெங்களூரிலும் ஹூப்ளியிலும் கிடைக்கும் பியாடகி நல்ல சிவப்பு, காரம் மட்டு. ஆகவே அதனுடன் காரமான வேறொன்றைக் கலத்தல் வேண்டும். தில்லியில் காஷ்மீரி எளிதில் கிடைக்கும். ஊரிலிருந்து வருவோர் கொணர்ந்த முண்டு வற்றல் கைவசம் இருப்பின் பாதிக்குப் பாதி அதையே சேர்க்கலாம். சோம்பை வடக்கே ‘சௌஃப்’ என்றும் வங்காளத்தில் ‘மௌரி’ என்றும் கேட்டு வாங்குக.

இஞ்சியையும் பூண்டையும் நசுக்கி, சோம்பையும் மிளகையும் இடித்து, மிளகாயோடும் அரிசி மாவோடும் கூட்டித் துண்டுகளின்மேல் அழுந்தத் தேய்க்க வேண்டும். நீர் ஒரு துளியும் வேண்டா. கறிவேப்பிலையில் பாதியைக் கிள்ளி இதனோடு சேர்க்கலாம்.

எண்ணெய், தேங்காய் எண்ணெயே. வடமாநிலங்களில் வாழ்வோருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டென்பதை அறிவோம். அங்கே தேங்காய் எண்ணெய் என்பது தலைக்குத் தடவும் பொருள். அதில் கோழியைப் பொரிப்பதைக் கண்ட பக்கத்து வீட்டு அம்மையார் திகைத்து நிற்பார். ஒரு துண்டை அவர் கையில் கொடுத்தால் அவ்வழக்கு முடிந்தது. சமையலுக்கென்று விற்கும் எண்ணெயையே வாங்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். வெப்பம் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். குளிர்காலத்துத் தில்லியில் கல்லாகவே இருக்கும். கெட்டுவிட்டதென அஞ்ச வேண்டா. பாத்திரத்தை வெந்நீரில் வைத்தால் இளகும்.

இவ்வெண்ணெய், குறிப்பாகச் செக்கில் ஆட்டியது, மிகுந்த சூட்டைத் தாங்காமல் விரைவில் புகையும். ஆகவே நிதானமே முறை. அடி கனத்த சீனச்சட்டியில் அரை லிட்டர் ஊற்றி, நடுத்தரத் தீயில் காய்ச்சி, கறிவேப்பிலை ஒன்றை இட்டுப் பார்க்க வேண்டும். அது மெல்லச் சலசலத்தால் பதம். படபடவென்று வெடித்தால் சூடு மிகுதி. ஒருமுறைக்கு ஏழெட்டுத் துண்டுகளே. கூட்டமாக இட்டால் எண்ணெய் குளிர்ந்து, கோழி பொரிவதற்குப் பதில் எண்ணெயில் ஊறும். 10 முதல் 12 நிமிடம் புரட்டிப் புரட்டி வேகவிட்டு எடுத்து, கம்பித் தட்டில் ஆறவைக்க வேண்டும். எல்லாத் துண்டுகளும் இவ்வாறு ஆனபின், தீயைச் சற்றுக் கூட்டி இரண்டாம் முறை மூன்று நிமிடம் பொரிக்க வேண்டும். முதற் பொரிப்பு சதையை வேகவைக்கும். இரண்டாவது தோலை மொறுமொறுப்பாக்கும். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்க முயல்வோருக்கு வெளியே கருகலும் உள்ளே பச்சையுமே கிடைக்கும். தோள்துண்டைக் குத்தினால் வடியும் சாறு தெளிவாக இருத்தல் வெந்ததன் அடையாளம். இளங்கோழியில் எலும்பை ஒட்டிச் சிறிது கருஞ்சிவப்பு தெரிதல் வெந்தபின்னும் உண்டு. சமையல் வெப்பமானி வைத்திருப்போர் 74 பாகையைக் கடந்ததா என்று பார்த்து ஐயம் தீர்க.

இப்போது சட்டியின் அடியில் உதிர்ந்த மிளகாய்த் துணுக்கும் பூண்டும் அரிசி மாவும் செம்மண் நிறத்தில் கிடக்கும். பலர் இதைக் கழிவென்று எண்ணிக் கொட்டிவிடுவர். திருவனந்தபுரத்தின் சிறப்பே இதில்தான் இருக்கிறது! ஒவ்வொரு தொகுதியையும் எடுத்தவுடன் கண்ணகப்பையால் இவ்வுதிரியை அரித்தெடுத்துத் தனியே வைக்க வேண்டும், தாமதித்தால் கருகிவிடும். இறுதியில் எஞ்சிய கறிவேப்பிலையை எண்ணெயில் பொரித்து, இவ்வுதிரியோடு கையால் நொறுக்கிக் கலந்து, செட்டைகளின்மேல் தாராளமாகத் தூவ வேண்டும். துண்டை உண்டு முடித்தபின்னும் தட்டில் எஞ்சும் இப்பொடியை விரலால் தொட்டுத் தொட்டு உண்போரைப் பார்த்து நாகரிகம் பேசுவது வீண்.

உடன் வைப்பதற்குச் சிறிய சப்பாத்தியும் எலுமிச்சை நீரும் போதும். வட்டமாக அரிந்த வெங்காயம் விரும்புவோர் சேர்த்துக் கொள்வர். காரம் மிஞ்சிப் போனால் தண்ணீரை மொண்டு மொண்டு குடிப்பதில் பயனில்லை. மிளகாயின் காரச் சத்து கொழுப்பில் கரைவதே அன்றி நீரில் கரைவதன்று. ஒரு வாய் தயிரோ பாலோ தணிக்கும்.

ஒதுக்கி வைத்த நுனிகளை மறவாதீர்கள். அவற்றை ஒரு லிட்டர் நீரில் சிறிய வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு முக்கால் மணி நேரம் இளந்தீயில் காய்ச்சினால், ஆறியதும் பாகு போல் கெட்டிப்படும் நல்ல சாறு கிடைக்கும்; மறுநாள் இரசத்திற்கு அதுவே ஆதாரம். பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் துணியில் வடித்துக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிதத்திற்குப் பயன்படுத்திவிடுக. மீண்டும் மீண்டும் பொரிப்பதற்குக் கூடாது. அங்கே அது சிவந்த வெண்ணெய் போல் உறைந்திருக்கும். வெந்த மரவள்ளிக் கிழங்கின்மேல் அதில் ஒரு கரண்டி வைத்துச் சூட்டோடு பிசைந்து உண்டு பார்க்கலாம்.